யாக்கிசோபா சமைக்க மஞ்சள் மீயும் தோசைக்கல்லும் போதும்

ஜார்ஜ்டவுன் – பினாங்கில் ஆண்டுதோறும் நடைபெறும் போன் ஓடோரி விழாவைக் காண பாடாங் கோத்தா லாமா திடலில் பெரும் கூட்டம் திரளும். ஜப்பானில் இத்தகைய கோடை விழாக்களில் தவறாமல் விற்கப்படும் உணவு யாக்கிசோபா. இரும்புத் தகட்டில் சாஸ் ஊற்றிப் பிரட்டி எடுக்கும் மீதான் அது. பினாங்கின் அந்தத் திடலை ஒட்டிய உணவுக் கடைகளிலோ தமிழ் முஸ்லிம்கள் நெடுங்காலமாக மீ கோரேங் பிரட்டி வருகிறார்கள். இரண்டும் வெவ்வேறு நாட்டு உணவாகத் தெரிந்தாலும், இரண்டிலும் இருக்கும் மீ ஒரே வகையைச் சேர்ந்தது.

ஆகவே, யாக்கிசோபா செய்ய விலை உயர்ந்த இறக்குமதிப் பொட்டலத்தைத் தேட வேண்டியதில்லை. சந்தையில் கிடைக்கும் மஞ்சள் மீயே போதும். ஆனால், ஆசையோடு வீட்டில் செய்து பார்க்கும் பலருக்கு மீ குழைந்து கூழாகிவிடுகிறது. ஏன் அப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் அதைத் தவிர்ப்பது எளிது.

பெயரில் மட்டுமே சோபா

ஜப்பானிய மொழியில் சோபா என்பது பக்வீட் எனும் தானியத்தின் பெயர். அந்த மாவில் செய்யும் மெல்லிய மீக்கும் அதே பெயர்தான். ஆனால், யாக்கிசோபாவில் அந்த மாவு இல்லை. அது சீனர்களிடமிருந்து ஜப்பானுக்குச் சென்ற கோதுமை மீ. டோக்கியோவின் அசகுசா வட்டாரத்தில் போருக்கு முன்பே அறிமுகமாகி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் கோதுமை மாவு தாராளமாகக் கிடைத்த காலத்தில் நாடெங்கும் பரவியது.

பினாங்கு மஞ்சள் மீயும் சீனர்கள் கொண்டுவந்ததே. இரண்டிலும் மாவு பிசையும்போது சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் போன்ற உப்புகள் கரைந்த காரநீர் சேர்க்கப்படுகிறது. இது மிளகாய்க் காரம் அன்று. புளிப்புக்கு எதிரான காரத்தன்மை. இந்த நீர் பட்டதும் மாவில் இயற்கையாக உள்ள நிறமிகள் மஞ்சளாகின்றன. மாவின் பசைத்தன்மையும் இறுகுவதால் மீ இழுபட்டாலும் எளிதில் அறுவதில்லை. சில தயாரிப்பாளர்கள் நிறமும் முட்டையும் சேர்ப்பதுண்டு.

குழைவதற்குக் காரணம்

கடையில் வாங்கும் மஞ்சள் மீ ஏற்கெனவே வேகவைத்து எண்ணெய் தடவப்பட்டது. அதை உலர்ந்த மீயைப் போல மீண்டும் கொதிக்க வைப்பதுதான் முதல் தவறு. ஒரே நேரத்தில் குடும்பம் முழுவதற்கும் குவாலியில் கொட்டிப் பிரட்டுவது இரண்டாவது தவறு. அங்காடிக் கடைகளில் உள்ள அடுப்பின் வேகம் வீட்டு அடுப்புக்கு இல்லை. அளவு கூடினால் சூடு தணிந்து, காய்கறியின் நீர் வெளியேறி, மீ வறுபடாமல் அந்த நீரிலேயே வேகத் தொடங்கிவிடும்.

இந்த இடத்தில் யாக்கிசோபா நமக்குத் தோதான உணவாகிறது. மீ கோரேங் குவாலியில் எழும் தீயை நம்பியது. யாக்கிசோபாவோ தெப்பான் எனும் தட்டையான இரும்புத் தகட்டில் செய்யப்படுவது. அந்தத் தகட்டுக்கு மிக நெருக்கமான பாத்திரம் நம் வீட்டு இரும்பு தோசைக்கல். பரந்த தகட்டில் மீ மெல்லிதாகப் பரவுவதால் நீராவி உடனே வெளியேறிவிடுகிறது.

செய்முறை

இருவருக்கு 300 கிராம் மஞ்சள் மீ எடுத்துக்கொள்ளலாம். வடிதட்டில் போட்டு, மேலே சுடுநீர் ஊற்றி, இழைகளைப் பிரித்துவிட வேண்டும். எண்ணெயும் காரநீர் வாடையும் போய்விடும். 10 நிமிடம் நன்றாக நீர் வடியட்டும்.

சாஸுக்கு 2 மேசைக்கரண்டி வொர்செஸ்டர் சாஸ், தக்காளி சாஸும் கிச்சாப் மானிஸும் தலா 1 மேசைக்கரண்டி, சிறிது மிளகுத்தூள் ஆகியவற்றைக் கலந்துகொள்ளலாம். சாஸ்களிலேயே உப்பு மிகுதி என்பதால் தனியாக உப்பு வேண்டாம்.

கல் நன்றாகச் சூடானதும் எண்ணெய் விட்டு மீயைப் பரப்பி, 2 நிமிடம் கிளறாமல் விட வேண்டும். அடிப்பக்கம் ஆங்காங்கே சிவந்ததும் எடுத்து வைத்துவிட்டு, கோழி இறைச்சித் துண்டுகளை வேகும்வரை வதக்கலாம். பிறகு வெங்காயம், கேரட், முட்டைக்கோஸ். அவை மொறுமொறுப்பு குறையாமல் இருக்கும்போதே ஒரு கைப்பிடி தவ்கே சேர்த்து, மீயைத் திரும்பப் போட்டு, சாஸ் ஊற்றி 1 நிமிடம் பிரட்டி இறக்க வேண்டும். கல் சிறியதாக இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்வதே நல்லது.

ஜப்பானியர்கள் மேலே சிவப்பு இஞ்சி ஊறுகாய், கடற்பாசித் தூள், சீவிய உலர் மீன் ஆகியவற்றைத் தூவுவார்கள். எலுமிச்சைச் சாற்றில் ஊறிய இஞ்சித் துருவல் அந்த ஊறுகாயின் இடத்தை நிரப்பும்.

புட்டியில் என்ன இருக்கிறது?

யாக்கிசோபாவின் சுவை அதன் சாஸில்தான் இருக்கிறது. இங்கிலாந்தின் வொர்செஸ்டர் நகரில் பிறந்த சாஸை ஜப்பானியர்கள் பழங்களும் காய்கறிகளும் சேர்த்துத் தங்கள் நாக்குக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். ஆங்கிலேயரின் மூல சாஸில் நம் சமையலறைப் புளி உண்டு. கூடவே நெத்திலி மீனும் உண்டு.

இது தைப்பூச விரதம் இருப்போரும் வெள்ளிக்கிழமைகளில் சைவம் கடைப்பிடிப்போரும் கவனிக்க வேண்டிய செய்தி. காய்கறி மட்டும் போட்டுவிட்டால் யாக்கிசோபா சைவமாகிவிடாது. அவர்கள் வொர்செஸ்டர் சாஸுக்குப் பதிலாக 1 மேசைக்கரண்டி கெட்டிப் புளிக்கரைசல், 1 மேசைக்கரண்டி சோயா கிச்சாப், அரைத் தேக்கரண்டி சீனி ஆகியவற்றைக் கலந்துகொள்ளலாம். மீயில் முட்டை உள்ளதா என்பதையும் பொட்டலத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பானில் யாக்கிசோபாவில் பன்றி இறைச்சி சேர்ப்பதே வழக்கம். அங்கிருந்து வரும் சில சாஸ்களில் இறைச்சிச் சாறோ சிப்பிச் சாறோ கலந்திருக்கும். எனவே முஸ்லிம் வாசகர்கள் ஹலால் முத்திரையையும், மாட்டிறைச்சி தவிர்ப்போர் பொருள் பட்டியலையும் பார்த்து வாங்குவது நல்லது.

புதிய உறவு அன்று

ஜப்பானியர்கள் பினாங்குக்குப் புதியவர்கள் அல்லர். போருக்கு முன் சிந்ரா ஸ்திரீட்டைப் பினாங்குச் சீனர்கள் ஜப்பானியர் தெரு என்று அழைத்தார்கள். அதை ஒட்டிய கம்போங் மலபார், பெயரில் இந்தியாவைத் தாங்கியிருந்தும், அவர்கள் பேச்சில் ஜப்பானியர் புதுத்தெருவாக இருந்தது. 1970-களில் பாயான் லெப்பாஸில் ஜப்பானிய ஆலைகள் எழுந்தபோது நம்மவர் பலரும் அங்கே வேலைக்குச் சென்றார்கள்.

சீனரின் மீயை வாங்கி, மிளகாய் விழுதும் தக்காளியும் தவுவும் உருளைக்கிழங்கும் சேர்த்துத் தமிழ் முஸ்லிம்கள் இங்கே உருவாக்கியது மீ கோரேங். தமிழ்நாட்டிலிருந்து வந்ததன்று, இந்த மண்ணில் பிறந்த தமிழர் சமையல் அது. அதே வேலையைத்தான் ஜப்பானியர்கள் தங்கள் சாஸைக் கொண்டு செய்திருக்கிறார்கள்.

பொட்டலத்தில் மிஞ்சும் மீயைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாளே பயன்படுத்திவிட வேண்டும். பிசுபிசுப்போ புளித்த வாடையோ இருந்தால் எறிந்துவிடுவதே சரி. நன்றாக இருந்தால் அதே தோசைக்கல்லில் மிளகாய் விழுது சேர்த்துப் பிரட்டி, எலுமிச்சை பிழிந்தால், முதல் நாள் யாக்கிசோபாவான மீ மறுநாள் மீ கோரேங் ஆகிவிடும்.