சோற்றைக் குறைக்கும் முன் பயறைக் கூட்டுங்கள்

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேரும் அதே வயது ஆண்களில் 37 சதவீதம் பேரும் கூடுதல் எடையுடன் இருப்பதாக 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. எடையைக் குறைக்க முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் முதலில் இரவுச் சாப்பாட்டில் கைவைப்பார்கள், அல்லது சோற்றை அடியோடு விடுவார்கள். சில வாரங்கள் தாக்குப்பிடிப்பார்கள். பிறகு பசி ஜெயிக்கும். போன எடை திரும்பி வரும். இதற்கு அவர்களின் மன உறுதியைக் குறை சொல்வது நியாயமில்லை. பசியைத் தணிக்காத உணவை வைத்துக்கொண்டு யாராலும் நெடுநாள் குறைவாகச் சாப்பிட முடியாது.

சாப்பிட்ட திருப்தியை நீடிக்கச் செய்வதில் புரதத்துக்கும் நார்ச்சத்துக்கும் பெரிய பங்கு உண்டு. இரண்டையும் ஒருசேரத் தரும் உணவு நம் அடுக்களையிலேயே இருக்கிறது: பருப்பும் பயறும்.

புரதம் எப்படி உதவுகிறது?

முதலாவது, பசி. புரதம் குடலை அடையும்போது ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஆகிய ஹார்மோன்கள் சுரந்து, ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்கின்றன. இன்று பரவலாகப் பேசப்படும் எடைக் குறைப்பு ஊசிகளும் ஜிஎல்பி-1 ஹார்மோனின் வேலையைப் பின்பற்றுபவைதான். உணவால் கிடைக்கும் விளைவு மருந்தின் அளவுக்கு வராது. ஆனால் ஒவ்வொரு வேளையும் கிடைக்கும்.

இரண்டாவது, செரிமானச் செலவு. புரதம் தரும் கலோரியில் 20 முதல் 30 சதவீதத்தை அதைச் செரிக்கவே உடல் செலவிடுகிறது. மாவுச்சத்துக்கு இது 5 முதல் 10 சதவீதம். கொழுப்புக்கு அதிகபட்சம் 3 சதவீதம்.

மூன்றாவது, தசை. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. பட்டினியால் இளைத்தவர்கள் சோர்ந்து தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். போதிய புரதமும் தசைக்கு வேலை தரும் உடற்பயிற்சியும் சேர்ந்தால் இந்த இழப்பு குறையும்.

ஆஸ்திரேலியாவில் பணியாற்றும் ஸ்டீபன் சிம்ப்சன், டேவிட் ராபன்ஹைமர் என்ற ஆய்வாளர்கள் 2005இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். தேவையான புரதம் கிடைக்கும்வரை உடல் சாப்பிடத் தூண்டிக்கொண்டே இருக்கும் என்பது அதன் சாரம். இதை நம் உணவில் பொருத்திப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் தேவை. 100 கிராம் அரிசியில் இருப்பது 8 கிராமுக்கும் குறைவு. 50 கிராமையும் அரிசியிலிருந்தே பெற வேண்டுமானால் 600 கிராமுக்கு மேல் பொங்கிச் சாப்பிட வேண்டும். 2,200 கலோரியைத் தாண்டிவிடும்.

நார்ச்சத்தின் வேலை

நார்ச்சத்தை நம் குடலால் செரிக்க முடியாது. அதன் பயனே அங்குதான் தொடங்குகிறது. பயறு, ஓட்ஸ், வெண்டைக்காய் போன்றவற்றில் உள்ள கரையும் நார், தண்ணீருடன் சேர்ந்து கூழ்போலாகி உணவு குடலில் நகரும் வேகத்தைக் குறைக்கிறது. சர்க்கரை ரத்தத்தில் மெதுவாக ஏறுகிறது. தவிடு, கீரை, காய்களின் தோல் ஆகியவற்றில் அதிகமுள்ள கரையாத நார் மலச்சிக்கலைத் தடுக்கிறது. நார் மிகுந்த உணவை நிதானமாக மென்றுதான் விழுங்க முடியும். குறைந்த கலோரியிலேயே வயிறும் நிறையும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நல்ல சான்று. இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவை வரம்பை மீறிய 240 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பல விதிகள் கொண்ட முழு உணவுத் திட்டம். இன்னொரு குழுவுக்கு ஒரே அறிவுரை: தினமும் 30 கிராம் நார்ச்சத்து சாப்பிடுங்கள். ஓராண்டு முடிவில் முதல் குழு சராசரியாக 2.7 கிலோவும், இரண்டாவது குழு 2.1 கிலோவும் குறைந்திருந்தன. எதையும் விலக்கச் சொல்லாமல், ஒன்றைச் சேர்க்கச் சொன்னதாலேயே கிடைத்த பலன் அது.

நம் தட்டில் எவ்வளவு?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், மொத்த கலோரியில் தானியங்களின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன. 2,000 கலோரி உணவில் பருப்பு, பயறு, முட்டை, இறைச்சி எல்லாம் சேர்ந்து 85 கிராமும், காய்கறி 400 கிராமும் இருக்க வேண்டும். நார்ச்சத்து சுமார் 40 கிராம் தேவை.

நான்கு பேர் உள்ள வீட்டில் 100 கிராம் துவரம்பருப்பு போட்டுச் சாம்பார் வைத்தால், ஒருவர் பங்குக்கு 25 கிராம் பருப்பு. அதில் புரதம் ஐந்தரை கிராம்தான். மூன்று கரண்டி சோறு, அரைக் கரண்டி பொரியல் என்று சாப்பிடும்போது இரண்டு சத்துகளும் பற்றாக்குறையாகவே இருக்கும்.

ஒரு நாள் கணக்கு

சைவ உணவிலேயே இந்தக் கணக்கைச் சரிக்கட்டலாம். காலையில் மூன்று இட்லியும் பருப்பு தாராளமாகப் போட்ட சாம்பாரும் சேர்ந்து 11 கிராமுக்கு மேல் புரதம் தரும். மதியம் ஒரு கிண்ணம் சோறு, கெட்டிப் பருப்பு, சோற்றின் அளவுக்குக் காயும் கீரையும், ஒரு கிண்ணம் தயிர் என்றால் 14 கிராம். மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் செய்த சுண்டலில் புரதம் 9 கிராம், நார் 12 கிராம். இரவு 60 கிராம் முழுப் பாசிப்பயறு ஊறவைத்து அரைத்த தோசையில் புரதம் 13 கிராம், நார் 10 கிராம். ஒரு டம்ளர் பாலும் ஒரு கொய்யாவும் சேர்ந்தால் புரதம் 50 கிராமைத் தாண்டும். நார் 40 கிராமை எட்டும்.

எடைக் குறைப்பு ஆய்வுகள் பலவற்றில் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 1.2 கிராம் அல்லது அதற்குமேல் புரதம் தரப்பட்டது. இரண்டு முட்டையோ, 100 கிராம் மத்தி மீனோ சேர்த்தால் அதையும் நெருங்கிவிடலாம். முட்டையிலும் மீனிலும் நார்ச்சத்து அறவே இல்லை என்பதால், காயும் பயறும் கூடவே வேண்டும். புரதப் பொடி வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சாப்பிடும் வரிசையும் முக்கியம். நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 11 நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த சிறிய ஆய்வில், காயையும் புரதத்தையும் முதலில் உண்டு மாவுச்சத்தைக் கடைசியில் உண்டபோது, ஒரு மணி நேரத்துக்குப் பிந்தைய ரத்தச் சர்க்கரை சுமார் 37 சதவீதம் குறைவாக இருந்தது.

கவனம் தேவை

நார்ச்சத்தை ஒரே நாளில் இரட்டிப்பாக்கினால் வயிறு உப்பும். வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். தண்ணீரும் கூடுதலாகக் குடியுங்கள். பயறை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வாயுத் தொல்லை குறையும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்; மருந்தின் அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

பயறுக்கும் கலோரி உண்டு. சோற்றின் அளவைக் குறைக்காமல் சுண்டலை மட்டும் கூட்டினால் எடை குறையாது. கடலைப்பருப்பில் செய்தது என்பதால் எண்ணெயில் பொரித்த மசால்வடை எடைக் குறைப்பு உணவாகிவிடாது.

வீட்டுக்கு வெளியே செய்ய வேண்டியதும் இருக்கிறது. நம் ரேஷன் கடைகளில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. நான்கு பேருக்கு அதைப் பங்கிட்டால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 8 கிராம் வருகிறது. வெளிச்சந்தை விலையில் பருப்பு வாங்க முடியாத குடும்பங்களிடம் ‘சோற்றைக் குறையுங்கள்’ என்று மட்டும் சொல்வது பட்டினி கிடக்கச் சொல்வதாகிவிடும். மாநிலமெங்கும் அரிசியைக் கொண்டுசேர்த்த கடைகளில் பருப்பின் அளவைக் கூட்டி, கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் சேர்த்துத் தந்தால், மருத்துவர்கள் சொல்லும் தட்டு எல்லா வீட்டிலும் சாத்தியமாகும்.