உடுப்பு இருக்கிறது, உழைத்தவன் எங்கே?

நியூயார்க் நகரத்தில் புரூக்ளின் என்றொரு பகுதி. அதிலே ஆற்றங்கரையை ஒட்டி வில்லியம்ஸ்பர்க் என்றொரு பேட்டை. 2000 ஆம் ஆண்டுக்குப் பின் சில காலம், உலக நகரங்களுக்கெல்லாம் நாகரிகம் கற்பித்த பேட்டை அதுதான். அங்கே உலவிய வாலிபனுக்கு ‘ஹிப்ஸ்டர்’ என்று பெயர் வைத்தார்கள். அவன் உடுத்தியதை லண்டன் உடுத்தியது. அவன் ரசித்ததை பெர்லின் ரசித்தது.

அவனுடைய கோலத்தைச் சற்றே பாருங்கள், தோழர்களே! மரம் வெட்டுகிறவனின் கட்டம் போட்ட தடித்த சட்டை. ஆலைத் தொழிலாளியின் கனத்த பூட்சு. லாரி ஓட்டுகிறவனின் தொப்பி. முகம் நிறையத் தாடி. இடுப்பிலே நீல ஜீன்ஸ்.

அந்த ஜீன்ஸ் யாருக்காகப் பிறந்தது? 1873 ஆம் ஆண்டு லெவி ஸ்டிராஸ் என்ற வியாபாரியும் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரரும் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். கருவிகளைத் திணித்துத் திணித்துத் தொழிலாளியின் பை கிழிந்து போகிறதே என்று, பையின் ஓரத்திலே செப்புக் குமிழ் அடித்தார்கள். பாடுபடுகிறவனின் பை கிழியாதிருக்க வந்த உடுப்பு அது. இன்று கடையிலேயே கிழித்து வைத்து, கூடுதல் விலைக்கு விற்கிறார்கள்!

குடித்ததும் அப்படித்தான். பாப்ஸ்ட் என்பது மில்வாக்கி நகரத்து மலிவு விலை பீர், தொழிலாளிகள் குடித்தது. 1996 இல் அந்நகரத்து ஆலையை மூடினார்கள். வேலை போயிற்று. சில ஆண்டுகளுக்குள் அதே பீர் நாகரிக வாலிபனின் கையிலே பெருமைச் சின்னமாயிற்று! குடியை நாம் போற்றவில்லை, கூத்தைத்தான் சுட்டுகிறோம்.

பாட்டாளியின் உடுப்பை ஒரு வாலிபன் விரும்புவது பாவமா? இல்லவே இல்லை. பட்டைவிட அது மேல் என்று அவன் எண்ணினால் நமக்கு மகிழ்ச்சியே. நாம் கேட்பது ஒன்றுதான்: அந்த உடுப்புக்கு உரியவன் எங்கே போனான்?

அதே வில்லியம்ஸ்பர்க்கில் டாமினோ சர்க்கரை ஆலை இருந்தது. 1856 இல் தொடங்கி, ஒரு காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய சர்க்கரை ஆலையாக விளங்கியது. 1999 ஜூன் மாதம் அதன் தொழிலாளிகள் தங்கள் வேலையைக் காக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு மாதமல்ல, இரண்டு மாதமல்ல, 20 மாதம்! 2001 பிப்ரவரியில் தோற்று உள்ளே போனார்கள். 2004 இல் சுத்திகரிப்பு நின்றது. மறு ஆண்டே, பேட்டையின் ஆற்றங்கரையிலே அடுக்குமாடிகள் எழும்ப நகராட்சி மன்றம் வழிவிட்டது. வாடகை ஏறியது. போர்ட்டோரிக்கோவிலிருந்து வந்து அங்கே குடியேறி உழைத்த குடும்பங்கள் பல வெளியேறின.

2018 இல் ஆலை நிலத்தில் பூங்கா திறந்தார்கள். சர்க்கரைப்பாகுத் தொட்டிகள் அங்கே காட்சிப் பொருள். 2023 இல் ஆலைக் கட்டிடம் அலுவலகமாயிற்று. வெளியே பழைய செங்கல் சுவர். உள்ளே புதிய கண்ணாடி மாளிகை! வாலிபன் மட்டுமா, அந்தக் கட்டிடமும் பாட்டாளியின் உடுப்பைத்தான் போட்டுக்கொண்டு நிற்கிறது. சட்டையை வைத்துக்கொண்டார்கள், சுவரை வைத்துக்கொண்டார்கள், தொட்டியையும் வைத்துக்கொண்டார்கள். உழைத்தவனை மட்டும் வேண்டாமென்றார்கள்!

இதற்கு அந்த வாலிபனைக் குற்றவாளியாக்க நாம் தயாரில்லை. நிலத்தை விற்றவன் அவனல்லன். வாடகையை ஏற்றியவனும் அவனல்லன். ஏறிய வாடகை நாளடைவில் அவனையும் துரத்தியது. காப்பிக் கடையிலே மணிக்கூலிக்கு நிற்கிறவன், எந்த உடுப்பை உடுத்தினால் என்ன, தொழிலாளிதானே?

அந்த உண்மையை அந்தத் தலைமுறை உணரத் தொடங்கிவிட்டது. 2021 டிசம்பரில், அதே நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடை ஒன்றின் ஊழியர்கள் வாக்களித்துச் சங்கம் கண்டார்கள். நூற்றுக்கணக்கான கடைகள் பின்தொடர்ந்தன. 2022 மார்ச்சில், நியூயார்க் நகரத்தின் ஸ்டேட்டன் தீவில் அமேசான் கிடங்குத் தொழிலாளிகள் சங்கத்துக்கு வாக்களித்தார்கள்.

நம் ஊரிலும் ஜீன்ஸ் உடுத்திய தம்பிகள் உண்டு. அவர்களைக் கண்டால் ஏளனம் பேச வேண்டாம், தோழர்களே. “தம்பி, நீ போட்டிருப்பது எங்கள் உடுப்பு, எங்களோடு வந்து உட்கார்” என்று சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். வேடமாக அணிந்தது சீருடையாகட்டும்!