கடலோர மதிலுக்கு ஏற்ற காகிதப்பூ

புதுச்சேரியின் தூமா வீதியிலும் ரோமன் ரோலண்ட் வீதியிலும் மஞ்சள் மதில்களைத் தாண்டித் தெருப்பக்கம் சரிந்து நிற்கும் காகிதப்பூவைப் பார்க்காமல் நடக்க முடியாது. ஊட்டியின் குளிரில் செழிக்கும் ஃபுக்ஷியா இந்தக் கடற்கரை வெக்கையைத் தாங்காது. இங்கே தோட்டம் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது போகன்வில்லா என்கிற இந்தக் காகிதப்பூவைத்தான்.

இதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. பூகன்வீல் தலைமையில் உலகைச் சுற்றிய பிரெஞ்சுப் பயணத்தில், தாவரவியலாளர் கொமெர்சோன் 1767இல் ரியோ டி ஜெனிரோவில் இதைச் சேகரித்தார். அவருக்கு உதவியாக ஆண் வேடத்தில் கப்பலேறியவர் ழான் பாரே. கடல்வழி உலகைச் சுற்றியதாக அறியப்படும் முதல் பெண் அவர். செடிக்குத் தலைவர் பெயர் கிடைத்தது. ழான் பாரேயின் பெயரையும் நாம் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அந்திமந்தாரையும் இதே குடும்பம். காகிதம்போல் மெலிந்திருக்கும் மூன்று வண்ண மடல்களும் நிறம் மாறிய இலைகளே. நடுவிலுள்ள சிறு வெளிர் குழல்கள்தான் பூ. பீட்ரூட்டுக்கு நிறம் தரும் பீட்டாலைன் வகை நிறமிகளே மடல்களுக்கும் நிறம் தருகின்றன. மடல்கள் இலைகள் என்பதால்தான் பூ வாடியபின்னும் பல நாள் வண்ணம் நிற்கிறது.

பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றினால் இலைதான் மண்டும். மண் காய்ந்தபிறகு நன்றாக நனைய ஊற்றி, மறுபடி காயவிட வேண்டும். அந்தச் சிறு வாட்டம்தான் செடியைப் பூக்கத் தூண்டுகிறது. மழை ஓய்ந்து தை பிறந்ததும் ஊரெங்கும் இது வெடித்துப் பூப்பதற்குக் காரணம் அதுவே. தழைச்சத்து மிகுந்த உரமும் இலையையே வளர்க்கும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். நிழலில் வைத்துவிட்டுப் பூவை எதிர்பார்க்க முடியாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். மண்ணோடு மணலும் மட்கிய எருவும் கலந்து, அடியில் துளை அடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேர் மிக மெல்லியது. தொட்டி மாற்றும்போது மண்கட்டி உடையக் கூடாது.

புதுத் தளிரில்தான் பூ வரும். ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் கிளைகளை வெட்டிவிடுங்கள், முள் குத்தாமல் கையுறை போட்டுக்கொண்டு. பற்றுக்கம்பிகள் இல்லாத செடி என்பதால், மதிலில் ஏற்ற விரும்பினால் கயிறு கட்டித்தான் ஆகவேண்டும். வெட்டிய கிளைகளில் பென்சில் பருமனானவற்றை ஈரமணலில் ஊன்றி நிழலில் வையுங்கள். சில வாரங்களில் வேர்விடும். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்.