பத்து வயதுப் பிள்ளையின் பதினொன்றரை மணித்தியாலம்

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன குறை? வேனில் போகிறார்கள், வேனில் வருகிறார்கள். நாங்கள் மூன்று மைல் நடந்து போய்ப் படித்தோம்." எமது ஊர்களில் வாப்பாமார் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. நடந்தது உண்மைதான். ஆனால் நடந்து வந்த பிறகு என்ன செய்தோம்? பையை மூலையில் வைத்துவிட்டு விளையாடப் போனோம். மஃரிபுக்கு பாங்கு சொல்லும் வரை யாரும் எம்மைத் தேடவில்லை.

இன்று தரம் 5 இல் படிக்கும் ஒரு பிள்ளையின் நாளைக் கணக்கெடுத்துப் பாருங்கள். அரச பாடசாலை காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை, 6 மணித்தியாலம். பகல் சாப்பாடு செமிக்குமுன் டியூஷன் வகுப்பு, இரண்டு மணித்தியாலம். அஸருக்குப் பிறகு குர்ஆன் மத்ரஸா, ஒன்றரை. இரவில் வீட்டு வேலையும் மாதிரி வினாத்தாளும் இரண்டு. மொத்தம் பதினொன்றரை. எமது நாட்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வளர்ந்த ஒருவருக்கு வைத்திருக்கும் சாதாரண வேலை நேரமோ நாளொன்றுக்கு 8 மணித்தியாலம்தான்.

இவ்வளவும் புலமைப்பரிசில் பரீட்சைக்காக. அது இரண்டு வினாத்தாள்கள் கொண்டது. ஒன்றில் 60 நிமிடத்தில் 40 வினாக்கள். மற்றதில் 75 நிமிடத்தில் 60 வினாக்கள். அதாவது ஒரு வினாவை வாசித்து, யோசித்து, விடை எழுத ஒன்றேகால் நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். நாம் ஒருமுறை பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு செய்து பார்த்தோம். மத்ரஸாவில் ஏழு வருடம் ஓதி, பிறகு கலைப் பட்டமும் எடுத்த ஆள்தான். மணி அடித்தபோது ஒன்பது வினாக்களில் கையே படவில்லை. கண்ணாடியில் தெரியும் கடிகாரத்தின் நேரத்தைக் கண்டுபிடிக்கச் சொன்ன வினாவில் மட்டும் நாலு நிமிடம் போய்விட்டது. பெற்றோர் எல்லோரும் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் இதைச் செய்து பார்க்கலாம். "இது கூடத் தெரியாதா?" என்ற கேள்வி அன்றிரவே வீட்டிலிருந்து போய்விடும்.

வினாக்களின் கஷ்டம் ஒரு பாதிதான். நாம் வேலை செய்யும் இடத்தில் களைத்தால் எழுந்து போய் ஒரு பிளேன்டீ குடிக்கிறோம். பிள்ளை மலசலகூடம் போகவும் கை உயர்த்திக் கேட்க வேண்டும். எமது மாதச் சம்பளத்தைப் பக்கத்து வீட்டாரின் சம்பளத்தோடு ஒப்பிட்டு யாரும் சத்தமாக வாசிப்பதில்லை. பிள்ளையின் புள்ளிகள் வாட்ஸ்அப் குழுவில் போடப்படுகின்றன. பத்து வயதில் இதைத் தாங்குவது லேசான காரியமல்ல.

சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரவின் காலத்தில், 1940களில், கிராமத்து ஏழைப் பிள்ளையும் மத்திய கல்லூரியில் தங்கிப் படிக்கட்டும் என்று தொடங்கிய புலமைப்பரிசில் இது. உதவிப்பணம் இன்றும் இருக்கிறது. ஆனால் இப்போது பெரும்பாலும் பிரபல பாடசாலையின் கதவாகவே பார்க்கப்படுகிறது. வருடாவருடம் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் எழுதுகிறார்கள். பெரும்பாலானோர் வெட்டுப்புள்ளியைத் தாண்டுவதில்லை. 2024 செப்டம்பரில் முதலாம் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகின. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், அந்த மூன்றுக்கும் எல்லோருக்கும் புள்ளி வழங்கும்படி டிசம்பர் 31 இல் தீர்ப்பு வந்தது. மீண்டும் பரீட்சை வைப்பார்களா, மாட்டார்களா என்று மூன்று மாதத்துக்கு மேல் அந்தப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். களவு செய்தது பெரியவர்கள்.

நபி (ஸல்) அவர்கள் தொழுகை நடத்தும்போது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டதால் ஸுஜூதை நீட்டியதாக நஸாயீயில் பதிவாகியுள்ளது. ஸஹாபாக்கள் காரணம் கேட்டபோது, பிள்ளையின் ஆசை தீருமுன் அவசரப்படுத்த மனம் வரவில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். பின்னால் ஒரு ஜமாஅத்தே காத்திருந்த நேரம் அது. நாமோ சோற்றுக் கோப்பையின் முன்னால் இருக்கும் பிள்ளையை "கெதியா, கெதியா" என்கிறோம்.

"ஸ்கொலர்ஷிப் முடியட்டும்" என்று தரம் 5 இல் பிள்ளையை ஓதலிலிருந்து நிறுத்துவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. நிறுத்துவது சரியல்ல என்பதே எமது நிலைப்பாடு. ஒரு வருடம் விட்ட பிள்ளை பல சமயம் திரும்பி வருவதில்லை. ஆனால் பெற்றோரை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிவிட முடியாது. விடியற்காலை எழும்பிய பிள்ளை அஸருக்குப் பிறகு கொட்டாவி விட்டால் அதற்கு ஏச்சு விழும் மத்ரஸாக்கள் இன்னும் இருக்கின்றன. நிர்வாகிகளும் முஅல்லிம்களும் உட்கார்ந்து பேச வேண்டிய விடயம் இது. அந்த ஒரு வருடத்துக்கு தரம் 5 பிள்ளைகளின் நேரத்தை அரை மணித்தியாலமாகச் சுருக்கலாம். புதிய பாடத்தைக் குறைத்து, ஓதியதைத் திருப்பி ஓத வைக்கலாம். வந்தவுடன் பத்து நிமிடம் பள்ளி முற்றத்தில் ஓட விடலாம். வீட்டிலும் டியூஷன் ஒன்றைக் குறைத்தால், மஃரிபுக்கு முன் அந்தப் பிள்ளைக்கு விளையாட ஒரு மணித்தியாலம் மிஞ்சும்.