மஞ்சள் பூ, முள் உடம்பு

நுவரெலியா மாவட்டத்து ஹோட்டன் சமவெளியில், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் இந்த முட்புதர் எங்கிருந்து வந்தது?

மேற்கு ஐரோப்பாவிலிருந்து. பெயர் கோர்ஸ், அவரைக் குடும்பம். பிரித்தானியர் காலத்தில், 1888இல் இலங்கைக்குள் நுழைந்தது.

ஏன் இத்தனை முள்? இளங்கன்றில் மும்மூன்றாய் மெல்லிய இலைகள்தான். வளர வளர இலைகளும் கிளை நுனிகளும் கூராகிவிடும். நீரிழப்பு குறையும், மேயும் விலங்கும் வாய்வைக்கத் தயங்கும்.

பரவுவது எப்படி? வெயிலேறினால் முற்றிய காய் பட்டென்று வெடித்து, விதைகளைச் சில மீட்டர் தூரம் எறியும். மண்ணுக்குள் அவை பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டினால் அடிக்கட்டை தளிர்க்கும். எரித்தாலோ சூடுபட்ட விதைகள் கூட்டமாய் முளைக்கும். அழகாயிருக்கிறதே என்று விட்டுவைக்கக் கூடாத செடி இது. வேரோடு பிடுங்கி, அதே இடத்தில் வருடந்தோறும் கன்றுகளைத் தேடிக் களைந்தால்தான் சமவெளியின் சொந்தப் புல்லுக்கு இடம் கிடைக்கும்.