உறுதியுரைப் படிவமும் உண்மையும்



மத்திய அரசு உத்தியோகத்துக்குத் தேர்வு எழுதித் தேறி, நியமன ஆணையை எதிர்நோக்கியிருக்கும் இளைஞருக்கு ஒரு படிவம் வந்து சேரும். ஆங்கிலத்தில் அதனை ‘அட்டெஸ்டேஷன் ஃபாரம்’ என்பர். உறுதியுரைப் படிவம் என்று நாம் வழங்கலாம். விண்ணப்பதாரரின் நன்னடத்தையையும் பூர்வோத்தரத்தையும் விசாரித்து அறிவதற்கு இப்படிவமே அடிப்படை. தேர்வுக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் இதனை மட்டும் அரைமணி நேரத்தில் நிரப்பி அனுப்பிவிட்டுப் பின்னர் வருந்துவதைக் கண்டிருக்கிறோம். ஆகவே, படிவம் கேட்பது யாது என்பதை இன்று ஆராய்வோம்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இதில் கூடுதலான கவனம் தேவை. கடந்த ஐந்து ஆண்டுகளில் ஓராண்டுக்கு மேல் தங்கிய இடங்களையெல்லாம் படிவம் கேட்கிறது. பிறந்த ஊர் தஞ்சை மாவட்டத்தில், படிப்பு கோயம்புத்தூரில், முதல் வேலை புணேயில், இன்றைய குடியிருப்பு டில்லியில் என்றிருப்பவர் நம்மிடையே பலர். விசாரணை அந்தந்த இடத்துக்குச் செல்லக்கூடும். பூட்டிக் கிடக்கும் பூர்விக வீட்டை முகவரியாகக் காட்டினால், வந்து பார்க்கும் போலீஸ்காரர் ‘இங்கு எவரும் இல்லை’ என்று அறிக்கை எழுதுவது இயல்பே. ஊரில் உள்ள உறவினருக்கோ அண்டை வீட்டாருக்கோ முன்கூட்டியே செய்தி சொல்லி வைப்பது நலம்.

எனினும், பெரும் இடரை விளைப்பது முகவரியன்று; வழக்குகளைப் பற்றிய வினாவேயாகும். எப்போதேனும் கைது செய்யப்பட்டதுண்டா? வழக்குத் தொடரப்பட்டதுண்டா? காவலில் வைக்கப்பட்டதுண்டா? நன்னடத்தைக்குப் பிணைப்பத்திரம் எழுதி வாங்கப்பட்டதுண்டா? அபராதம் விதிக்கப்பட்டதுண்டா? தண்டனை பெற்றதுண்டா? இப்போது வழக்கு நிலுவையில் உண்டா? மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இச்சொற்களை நிறுத்துப் பார்த்திருக்கிறோம். இவை ஒரே பொருளைத் தரும் பல சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் தனித்தனி வினா. விடுதலை பெற்றவருக்குத் தண்டனை இல்லை என்பது மெய். ஆயினும் வழக்கு இருந்தது என்பதும் மெய். ‘குற்றவாளி அல்லேன், ஆகவே இல்லை என்று எழுதுகிறேன்’ என்பவர், கேட்ட கேள்விக்கு அன்றி வேறொரு கேள்விக்கு விடையளிக்கிறார்.

டில்லியில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மகன் கல்லூரி நாளில் சாலை மறியல் ஒன்றில் பிடிபட்டு, அன்று மாலையே விடப்பட்டவன். பின்னர்க் கோர்ட்டில் சிறு அபராதமும் செலுத்தினான். படிவம் வந்தபோது தந்தையார், “முடிந்துபோன கதையை ஏன் கிளறுகிறாய்? ‘இல்லை’ என்று எழுதிவிடு” என்றார். மகனுக்கு மனம் ஒப்பவில்லை. இருவரும் படிவத்துடன் நம்மிடம் வந்தனர். படிவத்தின் தலைப்பிலேயே அச்சாகியிருந்த எச்சரிக்கையைத் தமிழில் படித்துக் காட்டினோம்: பொய்யான தகவல் தருவதும் உண்மையை மறைப்பதும் பணிக்குத் தகுதியின்மையாகும். தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. மகன் நடந்ததை நடந்தவாறே எழுதி, தீர்ப்பின் நகலையும் இணைத்தான். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. சில மாதங்கள் தாமதமும் ஆயிற்று. பின்பு நியமன ஆணை வந்தது.

உண்மையை எழுதிய அனைவருக்கும் வேலை உறுதி என்று நாம் கூறவில்லை. சுப்ரீம் கோர்ட்டு வகுத்துள்ள நெறி இதனைத் தெளிவாக்கும். டில்லிப் போலீஸில் சேர விண்ணப்பித்த இளைஞர் ஒருவர், சமரசத்தில் முடிந்த ஒரு வழக்கை விண்ணப்பத்தில் குறிப்பிடாமல் விட்டார். இளமைப் பிழைகளைப் பரிவோடு நோக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டில் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இத்தகைய வழக்குகளில் தீர்ப்புகள் வேறுபட்டிருந்தமையால், 2016ஆம் ஆண்டில் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்சு விதிமுறைகளைத் தொகுத்துரைத்தது. தகவல் உண்மையாக இருத்தல் வேண்டும், மறைத்தலாகாது. மறைக்கப்பட்டது இளம்பருவத்தில் கோஷமிட்டது போன்ற அற்ப விஷயமாயின், அதனைப் பொருட்படுத்தாமல் விட அதிகாரிக்கு உரிமை உண்டு. உண்மையைக் கூறியவரின் பூர்வோத்தரத்தையும் சீர்தூக்கிப் பார்க்க அவருக்கு அதிகாரம் உண்டு. படிவத்தில் குறிப்பாகக் கேட்கப்பட்டதைத்தான் விண்ணப்பதாரர் சொல்லக் கடமைப்பட்டவர். தம்மீது வழக்கு இருப்பதையே அறியாதவரை ‘மறைத்தார்’ என்று குற்றம் சாட்டலாகாது.

பதினெட்டு வயது நிரம்பாத பருவத்தில் நேர்ந்த குற்றத்துக்கு வேறு நெறி உண்டு. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின்படி, அத்தகைய தீர்ப்பால் தகுதியிழப்பு நேராது. பதினாறு வயது கடந்து கொடுங்குற்றம் புரிந்து, வயதுவந்தோரைப் போல் விசாரிக்கப்பட்டோர் மட்டுமே இதற்கு விலக்கு. இவ்வகையினர் படிவத்தில் கையொப்பமிடுமுன் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்வது தக்கது.

எனவே, பழைய வழக்கு ஏதேனும் இருப்பின், அது முடிந்த கோர்ட்டிலிருந்து தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பெற்று வையுங்கள். வினாவை ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். புரியாத சொல்லை அறிந்தவரிடம் கேளுங்கள். நிரப்பிய படிவத்தின் பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள். உண்மையைச் சொன்னவர் சில மாதம் காத்திருக்க நேரலாம். மறைத்தவரோ, பத்தாண்டு பணியாற்றிய பின்னரும் ஒரு கடிதத்துக்கு அஞ்சியே வாழ நேரும்.