அந்தூரியம் பட்டுப்போவதற்குக் கைராசி காரணமல்ல

அம்மாவின் மூன்றாவது அந்தூரியமும் போன வருடம் சித்திரையில் பட்டுப்போனது. கண்டிக்குப் போய்வந்த உறவினர் ஒருவர், பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த கன்று அது. வந்தபோது இரண்டு சிவப்புப் பூக்கள் இருந்தன. சில மாதங்களில் இலை ஓரங்கள் கருகின. பிறகு குருத்திலைகள் மஞ்சளாகின. கடைசியில் வேர் அழுகியது. “என்ர கைக்குப் பூக்கண்டு சரிவராது” என்று சொல்லி அம்மா சாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளிக்கிட்டபோது, செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் நின்ற ஒரு வளவை விட்டுவந்தவர் அவர். அதன்பிறகு எல்லாம் வாடகை வீடுகள். அடுத்தவர் காணியில் எதையும் ஊன்றி வளர்க்க அவருக்கு மனம் வருவதில்லை. சாடியில் நிற்பதை மட்டும்தான் வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகலாம். விறாந்தை நிழலிலேயே நின்று பூக்கும் என்று கேள்விப்பட்டதால்தான் அந்தூரியத்தில் அவருக்கு ஆசை வந்தது.

ஒரு செடி பட்டுப்போனால் அதற்கும் தங்கள் கையையே குற்றம் சொல்லும் பெண்களை எங்கள் ஊர்களில் நிறையக் காணலாம். போரில் துணையை இழந்தவர்களை ராசியில்லாதவர்கள் என்று நல்லகாரியங்களில் ஒதுக்கிவைக்கும் சமூகத்தில், அந்தச் சொல்லின் பாரம் இன்னும் அதிகம். ஆனால், அம்மாவின் செடிகளைக் கெடுத்தவை கிணற்றுத் தண்ணீரும், சாடியில் போட்ட மண்ணும், வெயிற்காலக் காற்றும்தான். மூன்றையும் மாற்ற முடியும்.

மழைக்காட்டிலிருந்து வந்த செடி

நாம் வீட்டில் வளர்க்கும் அந்தூரியத்தின் தாயகம் தென்னமெரிக்காவில் கொலம்பியா, எக்குவடோர் நாடுகளின் ஈரமான மலைக்காடுகள். 1889இல் சாமுவேல் டேமன் என்பவர் அதை ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுசென்றார். பூ வியாபாரத்துக்கான பயிராக அது அங்கேதான் பெரிதாக வளர்ந்தது.

பெரிய மரங்களின் நிழலில், மரப்பட்டையிலும் உக்கிய இலைக்குவியலிலும் வேர்விட்டு வாழ்ந்த செடி இது. அதன் தடித்த வேர்களுக்கு ஈரம் எவ்வளவு தேவையோ, காற்றும் அவ்வளவு தேவை. மண்ணை இறுக்கி நிரப்பிய சாடியில் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுமுட்டி அழுகிவிடும். வாடுகிறதே என்று நாம் மேலும் தண்ணீர் ஊற்றுவோம். அது அழுகலை இன்னும் கூட்டும்.

சிவப்பாக, மெழுகு பூசியதுபோல் தெரிவது உண்மையில் பூவல்ல, நிறம் மாறிய ஓர் இலை. நடுவில் வால்போல் நிற்கும் தண்டிலுள்ள சின்னஞ்சிறு புள்ளிகள்தான் பூக்கள். அதனால்தான் அது வாரக்கணக்கில் வாடாமல் நிற்கிறது.

கேத்தலைப் பாருங்கள்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் இருக்கிறது. எங்கள் கிணற்று நீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. கரையோரக் கிணறுகளில் உப்பும் உண்டு. தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது அந்தச் சுண்ணாம்புதான். அதே தண்ணீரைத்தான் அந்தூரியத்துக்கும் ஊற்றுகிறோம்.

அந்தூரியம் சற்று அமிலத்தன்மையான சூழலை விரும்பும் செடி. சுண்ணாம்பு சேரச்சேர, வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் போகிறது. இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிவது அதன் அடையாளம். உப்புக் கூடினால் இலை ஓரமும் நுனியும் கருகும். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் சுண்ணாம்பு ஓரளவு குறையும், உப்பு குறையாது.

மாற்றுவழி மழைநீர். எங்களுக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரைதான். அதைச் சேமித்துவைக்க வேண்டும். கணக்கு எளிது. ஆறு அங்குலச் சாடிக்கு ஒரு தடவைக்குக் கால் லீற்றர், வாரத்துக்கு நான்கு தடவை என்றால் ஒரு லீற்றர். தை முதல் புரட்டாதி வரை ஏறக்குறைய 39 வாரங்கள். 200 லீற்றர்ப் பரல் ஒன்று ஐந்து சாடிகளுக்குப் போதும். முதல் மழை கூரைத் தூசியைக் கழுவிக்கொண்டு போகட்டும். அடுத்த மழையிலிருந்து பீலியின்கீழ் பரலை வையுங்கள். வாயை நுளம்பு நுழையாத வலையால் இறுகக் கட்டுங்கள். மழைக்குப் பின்னான மாதங்களில் டெங்கு எப்படிப் பரவும் என்பது எங்களுக்குத் தெரியும்.

சாடிக்குள் என்ன போடுவது?

வளவு மண் வேண்டாம். தென்னம் பொச்சை அரை அங்குலத் துண்டுகளாக வெட்டி இரண்டு பங்கு, சிரட்டைக்கரி ஒரு பங்கு, உடைந்த செங்கல் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். பொச்சைச் சில நாட்கள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவிய பின்பே பயன்படுத்த வேண்டும். கடல்நீரிலோ களப்பிலோ ஊறிய பொச்சு கூடாது, அதில் உப்பு நிற்கும். சுண்ணக்கல் சல்லியும் சேர்க்கக்கூடாது.

மண்சாடி நல்லது. புதிய சீமெந்துச் சாடியிலிருந்தும் சுண்ணாம்பு கசியும். சாடியின் அடியில் துளைகள் தாராளமாக இருக்க வேண்டும். விரலை ஓர் அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்து, ஈரம் குறைந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மாதத்துக்கு ஒருமுறை அடித்துளையால் வழிந்தோடும்வரை ஊற்றினால், தேங்கிய உப்புக் கழுவிப்போகும். கரையும் பசளையை, பைக்கற்றில் சொன்ன அளவின் கால்வாசியாகக் குறைத்து மாதம் ஒருமுறை கொடுத்தால் போதும்.

வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம்

நேரடி வெயில் இலையை எரித்துவிடும். இருட்டு மூலையில் வைத்தால் இலை மட்டும் வரும், பூ வராது. பகலில் விளக்குப் போடாமல் பத்திரிகை வாசிக்கக்கூடிய விறாந்தை அல்லது யன்னலோரம் பொருத்தமானது. வெளியே வைப்பதானால் கிடுகுப் பந்தலோ நிழல்வலையோ தேவை.

வைகாசிக்குப் பிறகு வீசும் சோளகக் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். அந்த மாதங்களில் சாடியைக் காற்று நேரே அடிக்காத பக்கத்துக்கு மாற்றி, அருகே அகலமான சட்டியில் தண்ணீர் வைத்து இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். இலைமீது தண்ணீர் தெளிப்பதைக் குறைப்பது நல்லது. இலையோரத்தில் நீர் ஊறியதுபோன்ற கரும்புள்ளியும் அதைச் சுற்றி மஞ்சள் வளையமும் கண்டால், அது பற்றீரியா நோயாக இருக்கலாம். 1980களில் ஹவாயின் சிறு தோட்டக்காரர்கள் பலரை முடக்கியது அந்த நோய்தான். அந்த இலையை வெட்டி எரித்து, கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

இன்னொரு கவனம். அந்தூரியம் சேம்பு, கருணைக்கிழங்கு ஆகியவற்றின் குடும்பம். அதைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். தவழும் பிள்ளைகளுக்கும் ஆடுகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

கடன் எடுத்துத் தொடங்காதீர்கள்

அந்தூரியம் நல்ல வருமானம் தரும் என்று யாராவது கன்றுகளைக் கட்டாக விற்க வந்தால், முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். ஓர் இலைக்கு ஒரு பூ என்பதுதான் இந்தச் செடியின் இயல்பு. நன்றாகப் பராமரித்த செடி வருடத்துக்கு ஏறக்குறைய ஆறு பூக்கள் தரும். மாதம் நூறு பூக்கள் விற்க வேண்டுமென்றால் இருநூறு செடிகள் வேண்டும். அவற்றுக்கு நிழல்வலை, பொச்சு, நாற்பது பரல் மழைநீர் வேண்டும். நுண்கடனால் ஏற்கெனவே நொந்த குடும்பங்கள் இந்தக் கணக்கைப் பார்க்காமல் கையெழுத்து வைக்கக்கூடாது. ஒரு சாடியை ஒரு வருடம் வளர்த்துப் பாருங்கள். அடியில் வரும் பக்கக் கன்றுக்கு இரண்டு மூன்று வேர்கள் வந்ததும் பிரித்து நடுங்கள். அப்படிப் பெருகுவது மெதுவானதுதான், ஆனால் வட்டி இல்லாதது.

போன மாரியில் அம்மாவுக்கு ஒரு பரலும் நான்காவது கன்றும் வாங்கிக் கொடுத்தேன். முதலில் வேண்டாம் என்றார். பிறகு பொச்சை அவரே வெட்டி ஊறவைத்தார். சோளகம் தொடங்கியதும் சாடியை விறாந்தையின் உட்பக்கத்துக்கு அவரே தூக்கி வைத்தார். இதுவரை புதிதாக மூன்று இலைகள் வந்திருக்கின்றன. ஓரங்கள் கருகவில்லை. பூ இன்னும் வரவில்லை. ஆனால், அடுத்த மாரிக்கு முன்பு இரண்டாவது பரல் ஒன்று வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.